ஆம்பளைகளுக்குப் பாக்குற டாக்டர்

என் பெரியம்மா கம்பத்திலிருந்து மதுரைக்குப் புறப்படுவதாக இருந்தால் முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். சின்னமனூர், தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று வண்டி நின்று நின்றுதான் போகும். ஆனால் எத்தனை நிமிடம் நிற்கும், கழிப்பறையைத் தேடிப் போய்த் திரும்புவதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவாரா என்பது யாருக்கும் தெரியாது. அப்படி வாய் வறண்டு போய் இறங்கிய பெரியம்மாவிடம் ஸ்கேன் எடுக்கும் பெண், "நீர்ப்பை நிறைஞ்சாத்தான் தெரியும்மா, ஒரு லிட்டர் தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க" என்றார். சிறுநீரை அடக்க முடியவில்லை என்று வைத்தியத்துக்குப் போனவர், வழியெல்லாம் அடக்கிக்கொண்டு வந்து, அங்கேயும் ஒன்றரை மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றுதான் பெரியம்மா முதன்முதலாக ஒரு யூராலஜிஸ்டைப் பார்த்தார். கோளாறு தொடங்கிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு வருடத்தில் அவர் யாரையும் பார்க்காமல் இருந்துவிடவில்லை. முதலில் கைவைத்தியம்: கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு, தொப்புளில் விளக்கெண்ணெய், நெருஞ்சில் கஷாயம். பிறகு ஊசி போடுகிற ஒருவர். பிறகு மாத்திரை எழுதித் தந்த நர்ஸம்மா. பிறகு ஒரு பெண் மருத்துவர். அவர் சோதித்துப் பார்த்து, "கர்ப்பப்பை இறங்கியிருக்கு, எடுத்துட்டா எல்லாம் சரியாப் போகும்" என்றார். எடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பெரியம்மா இருமியபோது சேலை முன்பு போலவே நனைந்தது. அதன் பிறகு ஐந்து வருடம் அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. யூராலஜிஸ்டிடம் போகலாம் என்று நான் சொன்னதும், "அது ஆம்பளைகளுக்குப் பாக்குற டாக்டருல்ல தாயி?" என்று கேட்டார்.

அவர் கேட்டதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. யூராலஜிஸ்டின் வாசலில் உட்கார்ந்து பாருங்கள்: காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் புராஸ்டேட் வீங்கிய தாத்தாக்களும் கல்லடைப்பு வந்த இளைஞர்களுமாக இருப்பார்கள். அங்கே ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தால், "யாருக்கும்மா காட்ட வந்தீங்க?" என்றுதான் கேட்பார்கள். பெண்ணுக்கும் சிறுநீர்ப்பை இருக்கிறது, அதற்கும் நோய் வரும் என்பதை அந்த அறை எதிர்பார்ப்பதேயில்லை. இந்த அறை இப்படி ஆனதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது ஓரளவு அமெரிக்காவிலும் ஓரளவு மதராஸிலும் ஓரளவு நம் மலையடிவாரத்திலும் நடந்தது.

சிறுநீர்ப்பையின் அறுவை மருத்துவம் வளர்ந்த கதையில் பெண்ணுடலுக்குப் பெரிய பங்கு உண்டு. பிரசவம் நாள்கணக்கில் நீண்டு, குழந்தையின் தலை இடுப்பெலும்பில் சிக்கி அழுத்தினால், சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவிலுள்ள சுவர் நைந்து துளை விழும். அந்தப் பெண்ணுக்கு அதன் பிறகு இரவும் பகலும் நீர் கசிந்துகொண்டே இருக்கும். எங்கள் அப்பத்தா ஒருத்தியைப் பற்றிச் சொல்வார். மூன்று நாள் வலி கண்டு, பிள்ளை செத்துப் பிறந்து, "நீரு நிக்காமப் போச்சு" என்று ஆனவள். புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அவள் மாட்டுக்கொட்டத்திலேயே படுத்து, அங்கேயே வயதாகிச் செத்தாள். பெயரைக் கேட்டேன், அப்பத்தாவுக்கு நினைவில்லை. "மூத்திரக்காரி" என்றுதான் ஊரில் சொல்வார்களாம்.

இந்தத் துளையைத் தைத்து மூடும் முறையைக் கண்டதாகப் புகழ்பெற்றவர் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மருத்துவம் பார்த்த மரியன் சிம்ஸ். 1845 முதல் 1849 வரை அவர் அறுவை செய்து பழகியது அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களின் உடலில். அனார்க்கா, பெட்ஸி, லூசி என்று மூன்று பெயர்கள் மட்டும் பதிவாகியிருக்கின்றன. அனார்க்காவுக்கு மட்டும் சுமார் முப்பது முறை அறுவை நடந்தது, மயக்க மருந்து இல்லாமல். ஈதர் 1846இலேயே பாஸ்டனில் பகிரங்கமாகச் செய்து காட்டப்பட்டுவிட்டது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்தப் பெண்கள் சம்மதித்தார்களா என்ற கேள்விக்கு இடமே இல்லை, ஏனென்றால் சட்டப்படி அவர்களுடைய உடல் அவர்களுடையதாக இல்லை. சிம்ஸுக்கு நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் அருகே சிலை வைத்தார்கள். 2018 ஏப்ரலில்தான் அதை அங்கிருந்து எடுத்தார்கள்.

அடுத்த தலைமுறையில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹோவர்ட் கெல்லி என்ற பெண்நோய் மருத்துவர், 1893இல் சாதாரணக் குழாயும் வெளிச்சமும் கொண்டு பெண்களின் சிறுநீர்ப்பையை உள்ளே பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். அப்போது கர்ப்பப்பையும் சிறுநீர்ப்பையும் ஒரே மருத்துவரின் கையில் இருந்தன. 1897இல் அதே மருத்துவமனையில் ஹியூ யங் என்ற இருபத்தேழு வயது இளைஞரிடம் சிறுநீர்ப் பிரிவை ஒப்படைத்தார்கள். அதைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று அவரே சொல்லியும் கேட்கவில்லை. அவர் புராஸ்டேட் அறுவையில் பெரும்பெயர் எடுத்தார். அமெரிக்க யூராலஜி அவருடைய பாதையில் வளர்ந்தது. இப்படியாகப் பாகப்பிரிவினை ஆனது: கர்ப்பப்பை ஒரு துறைக்கு, சிறுநீர்ப்பை இன்னொரு துறைக்கு. ஆணுக்கு அதனால் நட்டம் இல்லை. பெண்ணின் சிறுநீர்ப்பைதான் இரண்டு வீட்டுக்கும் நடுவே முற்றத்தில் நின்றது. பெண்களின் இடுப்புத்தள மருத்துவத்தை இரண்டு துறைக்கும் பொதுவான தனிச் சிறப்புப் பிரிவாக அமெரிக்காவில் ஏற்றுக்கொண்டது 2011இல்தான்.

இனி நம் பக்கம். 1875இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களை மதராஸ் மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. 1885இல் கோஷா பெண்களுக்கான மருத்துவமனை தொடங்கியது. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று பெயர் மாறியும், சனங்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். ஆண் மருத்துவரிடம் பெண்கள் உடம்பைக் காட்ட மாட்டார்கள், ஆகவே பெண் மருத்துவர்கள் வேண்டும் என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட நியாயம். அந்த நியாயத்தால் பெண்களுக்கு மருத்துவக் கல்வியின் கதவு திறந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே நியாயம் அவர்களைப் பிரசவ அறையோடு நிறுத்தியும் வைத்தது. 1912இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றியது எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில். 1918இல் ஐடா ஸ்கடர் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியதற்குப் பின்னாலும், பெண் மருத்துவர் இல்லாமல் பிரசவத்தில் செத்துப்போன பெண்களின் கதைதான் இருந்தது. மதுரையிலும் இதே வழிதான். அமெரிக்க மதுரா மிஷனைச் சேர்ந்த பாலின் ரூட், பிறகு ஹாரியட் பார்க்கர் என்று பெண் மருத்துவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தார்கள். பெண்களுக்கென்று அங்கே மருத்துவமனை உருவானது.

இதன் விளைவை நூறு வருடம் கழித்து என் பெரியம்மா அனுபவித்தார் என்று நான் சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். இடுப்புக்குக் கீழே என்ன வந்தாலும் பெண் மருத்துவரிடம் போ என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். பெண் மருத்துவர் என்றால் பிரசவம் பார்ப்பவர். பிரசவம் பார்ப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது கர்ப்பப்பை. பிள்ளை பெற்று முடித்த ஏழைப் பெண்ணின் கர்ப்பப்பை என்றால் அதை எடுத்துவிடுவதில் யாருக்கும் தயக்கம் இருப்பதில்லை. கர்ப்பப்பையை எடுப்பதால் கசிவு தானாக நின்றுவிடாது என்ற எளிய உண்மை இந்தப் படிகளில் எங்கோ விழுந்துபோகிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. மருத்துவமனைப் பிரசவம் பரவிய ஊர்களில் நீண்ட வலியால் துளை விழுவது குறைந்து, கர்ப்பப்பை அறுவையின்போது ஏற்படும் காயத்தால் விழுகிற துளைகள்தான் இப்போது அதிகம் பார்க்கப்படுகின்றன. மாட்டுக்கொட்டத்தில் கிடந்தவளுக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. அவளுடைய பேத்திக்குச் சிகிச்சையே அந்த நோயைக் கொடுத்துவிடக்கூடும்.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இந்த மருத்துவமெல்லாம் தூரத்திலேயே இருந்தது. 1895இல் முல்லைப் பெரியாறு அணை வந்து, பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளைந்தது. நாற்று நடவும் களை எடுக்கவும் பெண்கள் முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்றார்கள். நோய் என்றால் மதுரைதான். 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள், பிறகு திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப்பாதைக்காக மறுபடி நிறுத்தினார்கள். தேனிக்கு 2022 மே மாதமும் போடிக்கு 2023 ஜூன் மாதமும்தான் ரயில் திரும்பியது. கம்பம், கூடலூர்ப் பக்கம் அது எப்போதும் வந்ததில்லை. தேனி தனி மாவட்டமானது 1996இல். க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2004இல். அதுவரை பெரிய அறுவை என்றால் மதுரைப் பெரியாஸ்பத்திரி. ஆளுநர் எர்ஸ்கின் பெயரில் இருந்து, பிறகு ராஜாஜி பெயருக்கு மாறியது. கம்பத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல்.

அந்தத் தூரத்துக்கு ஆண்களும் பெண்களும் ஒரே டிக்கெட்தான் எடுத்தார்கள். ஆனால் ஆணுக்குக் கல்லடைப்பு என்றால் அது வலி. கத்துவான், உருளுவான், வண்டி பிடிப்பார்கள். பெண்ணுக்கு வந்த கசிவுக்கும் எரிச்சலுக்கும் கத்த முடியாது. "சூடு பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட வேண்டியதுதான்.

வேலைக்கு எங்கே போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். விடியலுக்கு முன்னால் கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் ஜீப்புகள் நிற்கும். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். ஒருத்தி மடியில் ஒருத்தி என்று நெருக்கிக்கொண்டு வளைவுகளில் ஏறி, பகல் முழுக்க ஏலச்செடிக்கடியில் குனிந்து பழம் எடுத்து, இருட்டும் வேளையில் இறங்குவார்கள். பெரியம்மா இருபது வருடம் அப்படிப் போனவர். தோட்டத்தில் ஒதுங்க இடம் உண்டா என்று கேட்டேன். "செடி மறைவுதான். அட்டை கடிக்கும். பாம்பு கெடக்கும். கங்காணி எந்தப் பக்கம் நிக்கிறான்னு பாக்கணும். அதுக்கு அடக்கிக்கலாம்" என்றார். காலையில் ஒரு வாய் நீச்சத்தண்ணி, மதியம் தொண்டை நனைய ஒரு மடக்கு. அவ்வளவுதான் இருபது வருடத்தின் குடிநீர்க் கணக்கு.

பெண்ணின் சிறுநீர்க்குழாய் நான்கு சென்டிமீட்டர் அளவுதான். ஆணுக்கு இருபது. கிருமி ஏறுவதற்கு அந்தக் குட்டைத்தனமே போதும். தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் மணிக்கணக்கில் அடக்குவதும் அதற்கு மேலும் இடம் கொடுக்கின்றன. இயற்கை பாதி, கங்காணி பாதி என்று வைத்துக்கொள்ளலாம். சட்டம் இல்லாமல் இல்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பிடம் வேண்டும் என்று சொன்னது. ஆனால் அது குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட தோட்டங்களுக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேற்பட்ட தொழிலாளருக்கும்தான் பொருந்தியது. சிறு தோட்டங்களுக்கு அன்றாடக் கூலியாக ஜீப்பில் வந்து போனவள் அந்தக் கணக்கில் சிக்கவில்லை.

பெண்கள் இதைக் கேட்காமலும் இல்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைப் பெண்களைத் திரட்டிய பி. விஜியின் பெண்கூட்டு அமைப்பு முதலில் எழுப்பிய கோரிக்கைகளில் ஒன்று மூத்திரப்புரை, அதாவது கழிப்பறை. உட்காரும் உரிமை பிறகு வந்தது. 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் கடைத் தொழிலாளருக்கு நாற்காலி தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின. 2015இல் மூணாறில் எழுந்த பெண்பிள்ளை ஒற்றுமைப் போராட்டம் போனஸுக்காகவும் கூலிக்காகவும் நடந்தது. அதில் சாலையை மறித்து உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் நம் உறவுக்காரர்கள். தொழிற்சங்க வரலாற்றில் இவையெல்லாம் எழுதப்படும். சிறுநீர்ப்பையின் வரலாற்றிலும் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

சரி, இப்போது ஒருத்திக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தேனியில் யாரிடம் போவது? "நல்ல டாக்டரா யாராச்சும் சொல்லேன்" என்று என்னிடம் பல பெண்கள் கேட்டிருக்கிறார்கள். நான் பெயர் சொல்வதில்லை. இந்த வரலாற்றைப் படித்ததில் எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

முதல் சிக்கல் போர்டிலேயே இருக்கிறது. தமிழில் சிறுநீரக மருத்துவர் என்று எழுதினால் அது இரண்டு வேறு ஆட்களைக் குறிக்கும். ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேலையில் சிறுநீரகம் தளர்ந்தால், டயாலிசிஸ் வேண்டுமென்றால், அதைப் பார்ப்பவர் நெஃப்ராலஜிஸ்ட், எம்.டி.க்குப் பிறகு டி.எம். முடித்திருப்பார். கல், அடைப்பு, கசிவு, சிறுநீர்ப்பைக் கட்டி போன்ற அறுவையும் தேவைப்படக்கூடிய நோய்களைப் பார்ப்பவர் யூராலஜிஸ்ட், எம்.எஸ்.ஸுக்குப் பிறகு எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான டிஎன்பி படித்திருப்பார். ஊரில் இருவரையுமே கிட்னி டாக்டர் என்கிறோம். தவறான வாசலில் ஒரு நாள் கூலியை இழந்து திரும்பிய பெண்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

அந்த எழுத்துகள் உண்மையா என்று பார்க்கும் வழி நூறு வருடத்துக்கும் மேல் பழையது. 1914இல் மதராஸ் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்து, தகுதி பெற்ற மருத்துவர்களின் பெயர்ப்பட்டியலை வைக்க ஒரு கவுன்சில் அமைந்தது. அதன் இன்றைய வடிவம் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதி. சீட்டில் எண் இல்லை என்றால் கேட்கலாம். இருந்தால் கவுன்சிலின் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். கல்லூரிக்குப் போகும் மகளோ பேத்தியோ ஐந்து நிமிடத்தில் போனில் பார்த்துச் சொல்லிவிடுவாள்.

அனுபவம் என்பது வேறு சங்கதி. முப்பது வருடம் புராஸ்டேட் பார்த்தவர் அனுபவசாலிதான், ஆனால் பெண்களின் கசிவில் அவருக்கு அனுபவம் இருந்தாக வேண்டுமென்பதில்லை. ஆகவே எத்தனை வருட சர்வீஸ் என்று கேட்பதைவிட, என்னைப் போல இந்தக் கோளாறோடு வரும் பெண்களை அடிக்கடி பார்க்கிறீர்களா என்று கேட்பது நல்லது. பெரியம்மாவைப் பார்த்த மருத்துவர் எடுத்த எடுப்பில் அறுவை பற்றிப் பேசவில்லை. எப்போது கசிகிறது, இருமினாலா, தூக்கினாலா, அல்லது திடீரென்று முட்டிக்கொண்டு வந்து கழிப்பறைக்குள் போவதற்கு முன்பா என்று கேட்டார். இவை இரண்டும் வேறு வேறு நோய், வைத்தியமும் வேறு. மூன்று நாளைக்கு எப்போது குடித்தார், எப்போது போனார் என்று எழுதி வரச் சொன்னார். சிறுநீரைக் கல்ச்சர் பார்த்த பிறகுதான் ஆன்டிபயாடிக் எழுதினார். அதற்கு முந்தின பதினோரு வருடத்தில் ஒருவர்கூடக் கல்ச்சர் பார்க்கச் சொன்னதில்லை. இடுப்புத்தளத் தசைப்பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்தார். இதிலிருந்து நானே ஒரு அளவுகோல் செய்துகொண்டேன்: முதல் சந்திப்பில் மருத்துவர் எத்தனை கேள்வி கேட்கிறார் என்று எண்ணுவது.

அறுவை என்று வந்தால் எந்த அறுவை, உள்ளே எதையாவது வைக்கப் போகிறார்களா என்று கேட்க வேண்டும். இறங்கிய உறுப்புகளைத் தாங்கப் பிறப்புறுப்பு வழியாக வலை வைக்கும் முறை மேலைநாடுகளில் பல பெண்களுக்குத் தீராத வலியைக் கொடுத்தது. 2019 ஏப்ரலில் அமெரிக்க அரசு அந்த வகை வலைகளின் விற்பனையை நிறுத்தியது. 2020இல் பிரிட்டனில் வெளியான கம்பர்லெஜ் குழுவின் அறிக்கை, பெண்கள் வருடக்கணக்கில் சொன்ன வலியை மருத்துவ அமைப்பு காதில் வாங்கவே இல்லை என்றது. வலை எல்லாமே தீது என்று பொருளில்லை. இருமினால் கசிவதற்கு வைக்கும் சிறு நாடா வேறு, அது பலருக்குப் பலன் தந்திருக்கிறது. எது எனக்கு, ஏன் எனக்கு, வைக்காவிட்டால் என்ன என்ற மூன்றையும் நமக்குப் புரிகிற தமிழில் சொல்லாத மருத்துவரிடம் கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டாம்.

கையெழுத்து யாருடையது என்பதிலும் ஒரு வழக்கு இருக்கிறது. டில்லியில் சமீரா கோலி என்ற பெண் பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த தாயின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு அவருடைய கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவைக்கான சம்மதம் ஆகாது, நினைவு திரும்பும்வரை காத்திருக்க முடிகிற நிலையில் வயதுவந்த பெண்ணுக்காக வேறொருவர் சம்மதிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பெரியம்மாவின் கர்ப்பப்பைக்குக் கையெழுத்துப் போட்டவர் பெரியப்பா. பெரியம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.

பெண் யூராலஜிஸ்ட் கிடைத்தால் நல்லதுதான். மிகக் குறைவாகவே இருக்கிறார்கள், பள்ளத்தாக்கில் தேடி அலுத்துப்போவோம். ஆண் மருத்துவர் சோதிக்கும்போது உடன் ஒரு பெண் இருக்க வேண்டும் என்பது தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் இருக்கிறது. இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கும் உரிமையும் அதில் உண்டு. நம் ரிப்போர்ட்டுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் விதி. ஒரு மஞ்சள் பையில் எல்லாச் சீட்டையும் தேதிவாரியாகப் போட்டு வைப்பது பெரியம்மாவின் பழக்கம். அந்தப் பை இல்லையென்றால் இந்தக் கட்டுரையும் இல்லை.

உள்ளூர் என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம். தேனியில் சில போர்டுகளில் மதுரை மருத்துவர் வாரத்தில் ஒரு நாள் அல்லது மாதத்தில் இரண்டு நாள் வருவதாகப் போட்டிருக்கும். பஸ் செலவு மிச்சம், சந்தோஷம். ஆனால் அவர் அறுவை செய்துவிட்டுப் போன இரவில் கதீட்டர் அடைத்துக்கொண்டால் யார் பார்ப்பார்கள்? கல்லுக்கு அறுவை செய்தபின் சிறுநீர்க்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைப்பதுண்டு. அதைச் சில வாரங்களில் எடுத்தாக வேண்டும். எடுக்காமல் விட்டால் அதன் மேலேயே கல் படிந்து சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். மறந்துபோகிறவர்கள் யார் என்றால், வலி போனதும் வேலைக்கு ஓடியவர்கள், திரும்பிப் போகக் காசில்லாதவர்கள். உள்ளே குழாய் வைத்திருக்கிறீர்களா, எந்தத் தேதியில் எடுக்க வேண்டும், யார் எடுப்பார்கள் என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அறுவைக்கும் ஸ்டென்ட் எடுப்பதற்கும் சேர்த்து அதில் வருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். க.விலக்கு மருத்துவக் கல்லூரியிலும் பெரியகுளம் அரசு மருத்துவமனையிலும் எந்தக் கிழமை எந்த சிறப்பு மருத்துவர் இருப்பார் என்பதை அங்கே புறநோயாளர் சீட்டு தருமிடத்தில் கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் குறையும்.

இரண்டு விஷயங்களில் மட்டும் தேர்வெல்லாம் செய்துகொண்டிருக்கக் கூடாது. விலாவில் வலியோடு குளிர்காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே பக்கத்திலிருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால், அது "சூடு" என்றோ கர்ப்பப்பை ரத்தம் என்றோ முடிவுகட்டாமல் யூராலஜிஸ்டிடம் காட்ட வேண்டும். பெண்களின் சிறுநீர்ப்பைப் புற்று ஆண்களுடையதைவிடத் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு அந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

பெரியம்மாவுக்கு இப்போது கசிவு பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. முழுதும் நிற்கவில்லை. அறுவை வேண்டுமா என்று அவரே யோசித்துக்கொண்டிருக்கிறார், அவசரப்படுத்த வேண்டாமென்று எங்களிடம் சொல்லிவிட்டார். மதுரைக்குப் போவதானால் இப்போது பஸ்ஸில் நேராகப் போவதில்லை. தேனி வரை பஸ், அங்கிருந்து மாலை ரயில், இரவு மகள் வீட்டில் தங்கி, மறுநாள் மருத்துவர். ரயில்தான் சுகம் என்கிறார். போன முறை நான் கூடப் போனேன். ஆண்டிபட்டி தாண்டும்போது பையிலிருந்து பாட்டிலை எடுத்துப் பாதித் தண்ணீரைக் குடித்தார். "இதுல கக்கூஸ் இருக்குல்ல" என்றார்.